எங்கடை இடம் சரே

நான், மனைவி, எங்கள் ஒரே மகள், மனைவியின் தம்பி, கலியாணத் தரகர். வீட்டில் இருந்தது ஐந்து பேர். ஆறாவது ஆள் தரகரின் போனுக்குள் இருந்தார். மாப்பிள்ளையின் தாய், இங்கிலாந்தில்.

மருதனார்மடம் சந்தையில் வாழைக்குலை விற்றுவிட்டு வந்து அப்போதுதான் கால் கழுவியிருந்தேன். காலையில் மகள் ஒன்று கேட்டிருந்தாள். பெடியனோடு தான் ஒருக்கால் கதைக்கும் வரை நான் சொல் கொடுக்கக் கூடாது. ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் சந்தைக்குப் போனேன்.

போனில் குரல் விட்டு விட்டு வந்தது. தாய் மகளின் வயது கேட்டார், படிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்.

"எங்கடை இடம் சரே."

சம்பந்தம் பேசும்போது நாங்கள் மாப்பிள்ளை பகுதியை இடம் என்போம். நல்ல இடம், தெரிந்த இடம். என் காதில் விழுந்தது, எங்கடை இடம் சரியே என்று. தங்களை எங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். பொறுங்கோ, மகளைக் கேட்டுச் சொல்லுறன் என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம், சரி" என்றேன்.

அங்கே பலர் சிரித்தார்கள். தாய் என்னைச் சம்பந்தி என்றார். தரகர் வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். மகள் கதவடியில் நின்றாள்.

மனைவியின் தம்பிதான் சொன்னான்.

"அத்தான், அவ உங்களைக் கேக்கேல்லை. சரே எண்டது லண்டனுக்குப் பக்கத்திலை ஒரு மாவட்டம்."

திருப்பி எடுத்துச் சொல்லுவோம் என்றேன். தரகர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். சொல்லை மாற்றினால் இனி ஒருவரும் எங்கள் படலை திறந்து வரமாட்டார்கள் என்றார். மனைவியும் அதையே சொன்னாள். நான் வெற்றிலையை எடுத்தேன்.

மகள் சத்தம் போடவில்லை.

"காலமை எனக்கும் ஓம் எண்டுதானே சொன்னனீங்கள்."

அடுத்த நாள் தன் போனில் அந்தப் பேரைத் தேடி எனக்கு வாசித்தாள். பழைய கருத்து, தெற்குப் பக்கம். கனடாவிலும் அந்தப் பேரில் ஒரு ஊர் இருக்கிறதாம்.

"ஒரு குதிரை வண்டிக்கும் அதுதான் பேராம், அப்பா. ஏத்திப்போட்டியள்."

எனக்குத் தெரிந்த கருத்து ஒன்றுதான்.

கலியாணம் நடந்தது. விசா வந்தது. போனாள். மருமகனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள்தான் ஒன்றும் சொல்வதில்லையே.

ஞாயிறு தோறும் போன் எடுப்பாள். முன்பெல்லாம் ஒன்று கேட்டால் ஓம் என்பாள், இல்லை என்பாள், ஏன் என்று திருப்பிக் கேட்பாள். இப்போது அவளிடம் ஒரு சொல்தான். குளிர் எப்படி? சரி. வீடு எப்படி? சரி. அவர்? சரி. ஒருக்கால் வந்து நிற்கச் சொன்னால் அதற்கும் சரி. வருவதில்லை.

போன ஞாயிறு அவள் சொன்ன சரிகளை எண்ணினேன்.

பதினான்கு.