எரியாத பச்சிலை

என் கணவருக்குக் காரியம் முடிந்த மறுவாரமே நான் கரும்பு வெட்டப் போய்விட்டேன். எலவனாசூர்கோட்டை போகிற வழியில் லாரி மோதி இறந்தவர். வீட்டில் கொண்டுவந்து கிடத்தியபோதும் எனக்கு அழுகை வரவில்லை. ஊர் அதைக் கவனித்தது. தண்ணீர் எடுத்தேன், அடுப்பு மூட்டினேன், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன்.

களமருதூர்ப் பக்கம் கரும்புத் தோட்டம். எதிர்வீட்டு அக்கா எனக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தினார்.

“அடியே, இன்னாடி இது! கை கிழிஞ்சி ரத்தம் ஊத்துது, நீ பாட்டுக்கு வெட்டிக்கினு கீற!”

குனிந்து பார்த்தேன். இடது கட்டைவிரலுக்குக் கீழே கத்தி இறங்கியிருந்தது. காலடியில் உதிர்ந்து கிடந்த கரும்புச் சோகையெல்லாம் சிவப்பு.

அக்கா வரப்புக்கு ஓடினார். அங்கே மூக்குத்திப்பூச் செடி படர்ந்து கிடந்தது. யாரும் விதைக்காமல் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி. நீளக் காம்பு, நுனியில் பொடி மஞ்சள் பூ, ஓரத்தில் வெள்ளை. வெட்டுக்காயத்துக்கு எங்களுக்கு அதுதான் மருந்து. சொரசொரப்பான இலைகளை உருவி, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்தார். அந்தச் சாறு பட்டால் ஆம்பளைகளே துள்ளுவார்கள்.

“எரியுதா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. கத்துடி.”

“நெசமாவே எரியல.”

இன்னொரு பிடி பறித்துவந்து பிழிந்தார். என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையை விடாமலே வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார். ஓடிவந்த மேஸ்திரி அவருக்குத்தான் அடிபட்டதென்று நினைத்து, “எங்கம்மா வெட்டிக்கின?” என்றார். நான் என் கையை நீட்டிக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். வீட்டு வாசலில் மாமியார் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

“எம் புள்ள செத்ததுக்கே அழாதவ, இதுக்கா அழுவப்போறா?”

“அவள வுட்டுடுங்க. அழுகை வர்ற அன்னிக்கி அழுவட்டும்” என்றார் கூட வந்த அக்கா.

மறுநாள் காலை நான் எழுந்தபோது, தினமும் நான் எடுத்துப்போகிற குடத்தை மாமியார் இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. தையல் பிரித்த பின் மறுபடி வெட்டப் போனேன்.