ஷைலா சுற்றிய காயில்கள்

ஒடுகத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குச் சொந்தக்காரர் பிலிப்ராஜ் என்று பலகை சொல்கிறது. காயில் கட்டுவது அவர் மனைவி ஷைலா. ஜவ்வாது மலையில் போர்வெல் மோட்டார் எங்கே எரிந்தாலும் பஸ் ஏறி இவளிடம்தான் வந்து இறங்கும். பிலிப்ராஜ் பில் போடுவார், பலகையைத் துடைப்பார்.

ஷைலாவுக்கு இடக்கைப் பழக்கம். அதை மாற்ற ஊரே பாடுபட்டது. பள்ளியில் ஸ்கேலால் அடித்தார்கள். சர்ச்சில் காணிக்கைத் தட்டை வாங்கும்போது முறைத்தார்கள். மாமியார் மார்த்தாளும் விடவில்லை.

"பீச்சாங்கையில சாம்பார் ஊத்தாதம்மா, வந்தவங்க இன்னா நெனைப்பாங்க?"

பக்கத்து உரக்கடைக்காரன் என்ற முறையில் நானும் பலமுறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். சாம்பாரில் உப்பு குறைவு என்று மட்டும்தான் நினைத்தேன். கடைசியில் சாப்பாடு, காசு, காணிக்கை எல்லாம் வலக்கைக்குப் போய்விட்டன. காயில் சுற்றும் கைப்பிடி மட்டும் இடக்கையில் தங்கிவிட்டது.

அவள் தம்பி பெல்வின் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறான். அங்கே வாயுவைச் சூரியனைவிடச் சூடாக்கி, சுவரில் படாமல் காந்தப் புலத்தாலேயே அந்தரத்தில் பிடித்து வைக்கிறார்களாம். உள்ளே கைவிட்டுப் பார்க்க முடியாது. அதனால் சுற்றிலும் சின்னச் சின்னக் காயில்களை வைத்து, காந்தப் புலம் மாறும்போது அவற்றில் எழும் மின்சாரத்தை அளந்து, நெருப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அந்தக் காயில்களை அக்காவிடம் கேட்டான். முதலில் கொஞ்சம், சரியாக வந்தால் மொத்தமும் அவளுக்கே. ஷைலாவுக்கு அப்படியொரு ஆசை வந்து நான் பார்த்ததில்லை. அவசரம் என்பதால் பாதியைப் பிலிப்ராஜும் சுற்றினார்.

காயில்கள் போய்ச் சேர்ந்ததும் பெல்வின் போன் செய்தான்.

"அக்கா, சோதிச்சுப் பார்த்தோம். பாதி நேரா காட்டுது, பாதி தலைகீழா காட்டுது. அப்படியே மாட்டியிருந்தா, நெருப்பு எடப்பக்கம் போறப்ப மிஷின் வலப்பக்கம்னு நெனைச்சு, செவுத்து மேலயே தள்ளிவுட்டிருக்கும்."

எந்தப் பாதி என்று அவள் கேட்கவில்லை. இடக்கையால் சுற்றினால் கம்பி எதிர்த்திசையில் ஏறும். மோட்டாரில் முனைகளை அவளே இணைப்பதால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மார்த்தாள். "மீதிய பிலிப்பே சுத்தட்டும்."

ஷைலாவின் முகம் செத்துவிட்டது. "தம்பி, தலைகீழா காட்டுறது நான் சுத்துனதுடா, மத்தது மாமா சுத்துனது. நான் சோத்தாங்கையில பழகிக்கிறேன். கொஞ்சம் டைம் குடு."

"இன்னாத்துக்கு? உன்னுதுதான் சீரா இருக்குது. மாமாவுது தொளதொளன்னு கீது. மொத்தமும் நீயே சுத்து. கைய மாத்தாத, ஒயர் முனைய நாங்க மாத்தி மாட்டிக்கிறோம்."

ஷைலா அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியாரின் காதருகே நீட்டினாள்.

"டேய், இப்ப சொன்னியே, அத இன்னொரு வாட்டி சொல்லு."