நத்திங் அட்வெர்ஸ்

1. செருப்பைக் கழற்றிய வாடிக்கையாளர்

என் தங்கை வேதவல்லி முதன்முதலாக எங்கள் பேங்கின் தாம்பரம் கிளைக்குள் வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். கவுன்ட்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "ஏம்மா, இது இன்னா கோயிலா? போய்ப் போட்டுக்கிட்டு வா" என்று அதட்டினேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் கடன் பிரிவில் ஆபீசர்.

புருஷனை விட்டுவிட்டு, ஏழு வயதுப் பெண்ணோடு அவள் எங்கள் ஊரான முடிச்சூருக்கே திரும்பி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வாடகை மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். சொந்த மெஷினுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேண்டும். நான் கையில் இருந்து தருகிறேன் என்றேன். கேட்கவில்லை.

"எனுக்குன்னு ஒரு பேரு வோணாமாண்ணா? மளிகைக் கடையில கூட உங்கண்ணன இட்டுகினு வான்றான். எத்தினி நாளிக்கு உன் தங்கச்சின்னே சொல்லிகினு திரியறது?"

நாங்கள் கிரெடிட் என்று சொல்வதை அவள் பேர் என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியான வார்த்தை.

ஸ்டாஃப் தன் சொந்தக்காரருக்கு ஜாமீன் போடக்கூடாது என்றார் மேனேஜர். வேதாவிடம் ரவிக்கை தைத்துக்கொள்ளும் டீச்சர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார். கடன் கிடைத்தது.

2. மூன்றாம் தேதி

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். தவணை மூன்றாம் தேதி என்றால் மூன்றாம் தேதி கட்ட வேண்டும். கையில் பணம் சேர்ந்துவிட்டது என்று மொத்தமாகக் கட்டி முடிக்கவும் கூடாது. "லெட்ஜர்ல உன் பக்கம் ரொம்பணும் வேதா. நாளைக்கு எவன் பிரிச்சுப் பார்த்தாலும் மாசா மாசம் நீ நின்னது தெரியணும்" என்பேன்.

நின்றாள். ஒரு ஐப்பசியில் முடிச்சூரில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேறும் சகதியுமாக வந்து நின்றாள். "நாளைக்குக் கட்டினா குடி முழுகிடுமா?" என்று திட்டினேன்.

"நாளிக்கின்னா நாலாம் தேதிண்ணா."

முதல் கடன் முடிந்து மூவாயிரம் வாங்கினாள். அதுவும் முடிந்து ஏழாயிரம். மூன்று மெஷின் ஆயிற்று. சேலையூர் கேம்ப் ரோட்டில் சின்னதாக ஓர் இடம் பிடித்து, வாசலில் தன் பெயரிலேயே போர்டு மாட்டினாள். ஐந்து வருஷத்தில் ஒரு தவணை தவறவில்லை. அந்த லெட்ஜர் பக்கங்களை நான் யாரும் இல்லாத நேரத்தில் புரட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

3. ரகசியக் கவர்

அதன்பிறகுதான் பெரிய வாய்ப்பு வந்தது. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் கம்பெனி ஒன்று, ஐந்து பவர் மெஷின் போட்டால் வருஷம் முழுக்கத் தைக்க வேலை தருவதாகச் சொன்னது. முப்பதாயிரம் வேண்டும். எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

"இவ்ளோ பெரிய தொகை, அதுவும் உங்க தங்கச்சிக்கு! ஆடிட்ல என்னையும் சேத்து வறுத்துடுவான் சார். கேம்ப் ரோட்டுல வேற பேங்க் இருக்கே, அங்க கேக்கச் சொல்லுங்க. அவங்க நம்மகிட்ட ஒப்பினியன் கேப்பாங்க, எழுதிக் குடுத்துடலாம்."

ஒப்பினியன் என்பது ஒரு பேங்க் இன்னொரு பேங்கிடம், இந்த ஆள் எப்படி என்று ரகசியமாகக் கேட்டு வாங்கும் கடிதம். அதற்கென்று ஒரு பாஷை உண்டு. நல்ல பார்ட்டி என்றால் நல்ல பார்ட்டி என்று எழுதுவோம். அதற்கு ஒரு படி கீழே, வரவு செலவு திருப்திகரம். ஆளைப் பற்றிச் சொல்ல மனசில்லை, வம்பும் வேண்டாம் என்றால் 'நத்திங் அட்வெர்ஸ்', பாதகமாக எதுவும் தெரியவில்லை, என்று எழுதுவோம். வெளியாள் படித்தால் நல்ல சான்றிதழ் போலத்தான் இருக்கும். பேங்க்காரன் படித்தால் ஃபைலை மூடிவிடுவான்.

வேதாவைப் பற்றி அந்த பேங்க் ஒப்பினியன் கேட்டு அனுப்பிய கவர் என் மேஜைக்கே வந்தது. எனக்கு அப்போது பிரமோஷன் இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருந்தது. பக்கத்துக் கிளையில் ஒருவர் மச்சானுக்குக் கடன் கொடுத்த விஷயத்தில் மெமோ வாங்கியிருந்தார். 'நல்ல பார்ட்டி' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். தங்கைக்கு அண்ணன் கொடுத்த சர்டிபிகேட் என்று நாளைக்கு எவனாவது கிளப்பிவிட்டால்? பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளி, நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷ லெட்ஜரில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கலாம். நான் நத்திங் அட்வெர்ஸ் என்று எழுதினேன். மேனேஜர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

நேர்மைக்காக அப்படிச் செய்தேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். பயம்தான். அதுவும் என் பிரமோஷனைப் பற்றிய பயம்.

4. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

பத்து நாள் கழித்து வேதா வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அந்த மேனேஜரு இன்னா சொல்றாரு தெரியுமாண்ணா? உன் பேங்குலயே உன்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்த எழுதலியேம்மா, நான் எத நம்பிக் குடுக்கறதுன்றாரு. நான் ஒரு தவணையாவது வுட்டிருக்கேனா? நீயே சொல்லு. யாருண்ணா எழுதுனது? பேரச் சொல்லு, நானே கேக்கறேன்."

என் மேஜையில் அந்தக் கடிதத்தின் ஆபீஸ் காப்பி இருந்தது. என் கையெழுத்தில்.

"மேனேஜர் எழுதியிருப்பாரும்மா. அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல். நான் கேக்க முடியாது" என்றேன்.

பிறகு அவளே சமாதானம் சொன்னாள். "வுடுண்ணா. என்னால உனுக்கு பேஜாரு வோணாம். நீ போய் எதுனா கேட்டு, அந்தாளு உன் வேலையில கைய வச்சிடப் போறான்."

அப்போதும் நேரம் இருந்தது. கம்பெனி மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தது. இன்னொரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் இரண்டாவது எழுதினால் முதலாவதை எழுதியது யார் என்ற கேள்வி வரும். நான் எழுதவில்லை. வேலை வேறு ஒருவருக்குப் போனது. அடுத்த வருஷம் கேம்ப் ரோட்டு வாடகை கட்டுப்படியாகாமல் போர்டைக் கழற்றினாள். அதே கம்பெனியில் சம்பளத்துக்குக் காலர் தைக்கப் போனாள். எனக்குப் பிரமோஷன் கிடைத்தது. முதலில் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

5. பிரிவுபசாரம்

நான் ஓய்வு பெற்ற அன்று கிளையில் சின்னக் கூட்டம். குடும்பத்தில் யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் வேதா எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"நான் வாழாவெட்டியா வந்து நின்னப்போ ஒருத்தன் நம்பல. எனுக்குன்னு ஒரு பேரு வாங்கிக் குடுத்தது எங்கண்ணன்தான்" என்றாள். அதற்கு மேல் பேச வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். கழுத்தில் மாலையோடு நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பாவம், சாருக்கு அழுகை வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது கடன் பிரிவில் உட்காரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரைப் பற்றி நல்லது தெரிந்திருந்தால் அதை எழுதுங்கள். எழுத முடியாத நிலை என்றால் எழுதக்கூடியவரிடம் கொடுங்கள். கெட்டது எதுவும் எழுதவில்லையே என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள். நான் கெட்டதாக ஒரு எழுத்து எழுதவில்லை. அவள் ஐந்து வருஷம் தவணை தவணையாகச் சேர்த்த பேர் அதிலேயே போய்விட்டது.

எங்கள் பேங்க் ஓய்வு பெற்றவர்களுக்கும் அனுப்பும் இந்த இதழ் என் வீட்டுக்கு வந்தால் அவள்தான் முதலில் பிரிப்பாள், அண்ணன் பேர் இருக்கிறதா என்று பார்க்க. இத்தனை வருஷமாக நேரில் சொல்லத் துணிச்சல் வரவில்லை. யார் எழுதியது, பேரைச் சொல்லு என்று அன்றைக்குக் கேட்டாயே வேதா. எழுதியது நான்தான்.