ஓடிப் பார்த்த மைதானம்

எனக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. ஒன்பது வயது வரைக்கும் பேஸ்போலை நேர்க்கோட்டில் ஓடுகிற விளையாட்டு என்றே நம்பியிருந்தேன். பந்தை அடித்தவன் முதலாவது பேஸுக்கு ஓடுவான், பிறகு இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் ஹோம். லோரன்ஸ் அவெனியூ பஸ் ஒவ்வொரு தரிப்பாக நின்று போவது போல. ஹோம் என்பது எங்கேயோ தூரத்தில் இருக்கிற கடைசித் தரிப்பு. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

இந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. நாங்கள் குடிவந்திருந்த வெக்ஸ்போர்ட் பகுதியில், எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் மாமா இருந்தார். இரவில் பாண் சுடுகிற ஃபக்டரியில் வேலை, பகலில் நித்திரை. அப்பாவுக்கு கிரிக்கெட் மட்டும்தான் விளையாட்டு. டிவியில் அது நடக்கும்போது நானும் பக்கத்தில் இருப்பேன். ஆனால் டிவியில் பேசுகிறவர்கள் கஞ்சர்கள். முக்கியமான நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். சனம் கத்தும், அப்பா துள்ளுவார், என்ன நடந்தது என்று கேட்டால் பொறு என்பார். மாமாவின் ரேடியோவில் அப்படியில்லை. பந்து எறிகிறவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைப்பது, அடிக்க வந்தவன் மண்ணைக் காலால் கிளறுவது, காற்று ஏரிப்பக்கமிருந்து வீசுவது என்று ஒன்று விடாமல் சொல்லுவார்கள். அந்த ரேடியோவுக்கு முன்னால் எல்லாருக்கும் காது மட்டும்தான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மாமா மூன்றாவதிலேயே குறட்டை விடத் தொடங்கிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் யார் வென்றது என்று நான்தான் அவரை எழுப்பிச் சொல்லுவேன்.

இப்போது நான் கண் தெரியாதவர்களின் அணி ஒன்றில் ஆடுகிறேன். எங்கள் பந்து விடாமல் சத்தம் போடும். பேஸ் ஒரு தூண் போல நின்று இரையும். அநேகமானவர்கள் ரேடியோ வழியாகத்தான் இதற்குள் வந்தவர்கள். அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி, சிறுபிள்ளையில் தொடங்கி இன்றுவரை ஒரு கோடைகாலத்தையும் தவறவிடாமல் ஆட்டம் கேட்டு வருகிறார். என் நேர்க்கோட்டுக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தானும் அப்படித்தான் நினைத்திருந்ததாகச் சொன்னார்.

என்னுடைய நேர்க்கோட்டை உடைத்தவர் மாமா. ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தவன் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒருநாள் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவன் துடங்கின இடம்தான் பிள்ளை, ஹோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா என் உள்ளங்கையில் விரலால் ஒரு சதுரம் கீறிக் காட்டினார். கீறியது விளங்கியது, நம்பிக்கைதான் வரவில்லை. விலகி விலகி ஓடுகிற ஒருவன் புறப்பட்ட இடத்துக்கே எப்படி வருவான்?

"ஓடிப் பாக்கவேணும்," என்றேன்.

அம்மா ஒரே சொல்லில் மறுத்தார். அந்த வருட மாரிகாலத்தில்தான் நான் படியில் இடறி முன்பல்லை உடைத்திருந்தேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கலாம் என்று பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. தனியே ஓட வேண்டும், ஒருவரும் என்னைத் தொடக் கூடாது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் கதவடியில் உட்கார்ந்தேன். அழவில்லை, அடம்பிடித்துக் கத்தவுமில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அதே இடத்தில் இருந்தேன். மறுநாளும் அப்படியே. வேலையால் வருகிற அப்பா ஒவ்வொரு நாளும் என்னைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. கிழமை முடிய அவர் அம்மாவிடம், இந்தப் பிள்ளையை ஓட விடு, இல்லாவிட்டால் எனக்கு வேறு வாசல் வெட்டித் தா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா, மாமா, நான் மூன்று பேரும் பக்கத்துப் பார்க்குக்குப் போனோம். அம்மா ஒரு பை நிறைய மருந்தும் பஞ்சும் எடுத்து வந்திருந்தார்.

"நீ விழுந்தா?"

"விழுந்தா எழும்புவன். நீங்கள் தூக்க வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

அம்மா சத்தியம் பண்ணினார். ஹோம் பேஸுக்குப் பின்னால் உயரமான பின்னல் கம்பிவேலி ஒன்று இருந்தது. அதில் சாய்ந்து நின்றுகொண்டார்.

நான் ஹோம் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அதில் ஏறி நின்றேன். மாமா முதலாவது பேஸுக்குப் போய்க் கைதட்டினார். அந்தச் சத்தத்தைப் பார்த்து ஓடினேன். அப்படி முழு வேகத்தில் நான் அதற்கு முன் ஓடியதில்லை. முகத்தில் காற்று அடித்தது. வீட்டில் எப்போதும் முன்னுக்கு நீட்டிக்கொண்டே நடந்த கைகளை அன்று பக்கத்தில் வீசினேன். நான் பேஸை மிதித்ததும் மாமா இரண்டாவதுக்கு ஓடி அங்கிருந்து தட்டினார். திரும்பினேன். பிறகு மூன்றாவது. மறுபடி திரும்பினேன். திருப்பங்களை உடம்பு எண்ணிக்கொண்டது. மூன்றாவதில் மாமா புல்லில் விழுந்து கிடந்து மூச்சு வாங்கினார்.

"அக்கா, இனி என்னால ஏலாது. நீங்கள் கூப்பிடுங்கோ."

பிறகு நான் முதலில் புறப்பட்ட அதே பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இஞ்சால வா, பிள்ளை. நேர வா."

ஓடினேன். பாதி வழியில் கால் மடங்கி முகம் குப்புற விழுந்தேன். நாடி மண்ணில் அடித்தது, வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. தூக்க வரக் கூடாது என்று சொன்னது நான்தான். ஆனாலும் அம்மா ஓடி வருகிற காலடிச் சத்தத்துக்காக அப்படியே கிடந்து காத்திருந்தேன். அது வரவில்லை.

"எழும்பு," என்றார் அம்மா. "நான் இஞ்சதான் நிக்கிறன். இஞ்சால வா."

எழும்பினேன். நொண்டியபடி ஓடினேன். அம்மா நில்லு என்று சொன்ன இடத்தில் குனிந்து தடவினேன். இறப்பர்த் தட்டு, ஐந்து மூலை. புறப்பட்டபோது தடவிப் பார்த்த அதே தட்டு. தட்டின்மேல் ஏறி நின்று குதித்தேன். மாமா மூன்றாவது பேஸில் கிடந்தபடியே விசிலடித்தார்.

அதற்குப் பிறகுதான் அம்மா வந்து பஞ்சால் என் நாடியைத் துடைத்தார். அவருடைய உள்ளங்கைகள் கன்னத்தில் பட்டபோது சொரசொரத்தன. பிடித்துத் தடவிப் பார்த்தேன். இரண்டு கைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான கோடுகள், கம்பிவேலியின் கண்களைப் போல. தோல் ஓரிடத்தில் கிழிந்து ஈரமாக இருந்தது. இது என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றார்.

நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வீடு போய்ச் சேரும் வரைக்கும் மாமாவிடம் ஒரே முறைப்பாடுதான்: நான் விழுந்து கிடக்க, அம்மா தன் பாட்டுக்கு வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார் என்று.