கனகசிங்கம் தேய்த்த மஞ்சள் பொட்டு

சுனாமி ஒரு படகைத் தென்னை உச்சியில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டதென்றும், அமிர்தகழிக் கனகசிங்கம் ஏணி வைத்து ஏறி அங்கேயே அதன் ஓட்டையை அடைத்தாரென்றும் சொல்வார்கள். ஏணியைக் கண்டவர் எவருமில்லை. ஆனால் படகு ஒட்டும் ரெசின் பசை குழைப்பதில் அவர் கெட்டிக்காரர் என்பது பொய்யல்ல. நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கீறல் விழுந்த தன் கார்பன் நார்ச் சைக்கிளைக் கொண்டுவந்தபோது, அதை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்து, "இதைக் கட்டிப் போடாட்டி காத்தான்குடிக்குப் பறந்திரும்" என்றார். கீறல் மேற்பூச்சோடு நின்றதா, உள்நாரையும் தொட்டதா என்று நாணயத்தால் தட்டிக் கேட்பார். மேற்பூச்சுத்தான் என்றால் ரெசின் ஒரு சொட்டு. காய்ந்ததும் நீர் தொட்டு மணல் கடதாசியால் தேய்த்து, பற்பசையால் மினுக்குவார். கீறியவனுக்கே இடம் தெரியாது.

ஊர் திரும்புகையில் வெள்ளைக்காரர் சைக்கிளைத் தன் மொழிபெயர்ப்பாளன் நிதுர்ஷனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 2007இல் ஒரு காலை அதில் வேலைக்குப் போன நிதுர்ஷன் திரும்பவில்லை. சைக்கிளும் இல்லை. தாய் சீதேவிப்பிள்ளை ஏறாத அலுவலகம் கிடையாது. எங்கும் ஒரே கேள்விதான்: கண்ட சாட்சி உண்டா?

யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய வாரம், இலக்கத் தகடில்லாத வேனில் வந்த ஒருவன் கனகசிங்கத்தின் படகுக் கொட்டிலில் ஒரு கார்பன் சைக்கிளை இறக்கினான். இடுப்பில் சட்டை புடைத்திருந்தது.

"விக்கப் போறன். ஒரு கீறலும் தெரியப்படாது."

கனகசிங்கம் முன்சில்லைத் தாங்கும் கவையைத் திருப்பினார். உட்பக்கம் ஒரு மஞ்சள் பொட்டு: அவர் முன்பு வைத்த ரெசின்தான், வெயிலில் மஞ்சளித்திருந்தது. அதற்குள் கால் விரித்தபடி ஒரு சிற்றெறும்பு. ரெசின் காயுமுன் அது விழுந்தபோது எடுக்க விடாதவன் நிதுர்ஷன். "கிடக்கட்டும் அண்ணன், ஓசியில ஊர் பாக்கட்டும்" என்று சிரித்தான்.

கனகசிங்கம் சைக்கிளைத் தூணில் சாத்தினார். "காய ஒரு நாள் வேணும். வெச்சிற்றுப் போங்க."

"வெயில்ல வை. நான் இருக்கன்." அவன் படகு விளிம்பில் குந்தினான். "அதென்ன மஞ்சள்? அதையும் எடு."

எடுத்தார். முதலில் எறும்பின் கால்கள் போயின, பிறகு உடல். கடதாசியில் ஒரு கறுப்புக் கோடுகூட மிஞ்சவில்லை.

வேன் போனதும் கை கழுவாமலே சீதேவிப்பிள்ளை வீட்டுக் கடப்பு வாசலில் போய் நின்றார்.

"என்ன மனே, பேயறைஞ்ச மாதிரி?"

"தம்பிட சைக்கிளைக் கண்டன், அக்கா."

"அவன்டதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் ஒட்டின அடையாளம் இருந்திச்சு."

"இப்ப?"

"என்ட கையாலேயே அழிச்சிற்றன்."

அவள் ஏசவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். உள்ளே போய் மனுக்கட்டோடும் பேனையோடும் வந்தாள். "அப்ப கண்ட ஆள் நீதான். எழுது. அழிச்சதையும் எழுது."

"எனக்கு ரெண்டு குமர்ப் பிள்ளைகள் இருக்கு, அக்கா."

"எனக்கு ஒண்டுதான் இருந்தது."

பேனையை வாங்கினார். பெயரின் முதலெழுத்தில் இருக்கையில் தெருவில் ஒரு வாகனம் வேகம் குறைத்தது. கை நின்றது. அது பஸ்தான். மீதியையும் எழுதினார்.