புதன்கிழமை உப்பு

அவருக்கு ஷாம்பு சார் என்று பெயர் வைத்தவர் எதிர்க்கடைத் தையற்காரர். தலையில் எண்ணினால் நாற்பது முடி தேறாத மனிதர் மாதம் ஒரு புட்டி ஷாம்பு வாங்குகிறாரே என்று வியந்து, அது காருக்கு என்று தெரிந்த அன்றே வைத்த பெயர். அது தெருவில் பரவி, பிறகு அவர் வேலை பார்த்த குடிநீர்ச் சோதனைக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. முப்பத்துமூன்று வருடமாகக் கிணற்று நீரையும் குழாய் நீரையும் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்ப்பது அவர் தொழில். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

வண்டிக்குப் பதினான்கு வயது. போக பதினொன்று, வர பதினொன்று, தினம் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி. வெயில், மழை, காக்கை எச்சம், மரப்பிசின், லாரி வாரி இறைக்கும் சேறு எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் எதுவும் அதன்மேல் இரண்டாவது நாள் தங்கியதில்லை. இரண்டு வாளி வைத்துத்தான் கழுவுவார். ஒன்றில் ஷாம்பு நுரை, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் தேய்ப்பவனைக் கண்டால், கழற்றிய மண்ணையே திரும்பப் பூசுகிறான் என்பார். எச்சத்தைத் துடைக்கவே மாட்டார். ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, பூவை எடுப்பதுபோல் எடுப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசுவார். அன்றே நான்கு கதவுகளின் அடியிலும் மழைநீர் வடிய விட்டிருக்கும் துளைகளைத் துடைப்பக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்வார். அந்தத் துளைகள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. உறையைச் சுத்தமான, காய்ந்த வண்டிமேல்தான் போர்த்த வேண்டும். அழுக்கு வண்டிமேல் போர்த்தினால் உள்ளே உள்ள மணல் பெயின்டைத் தேய்த்துவிடும். அதற்குப் போர்த்தாமலே விடலாம். உறையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை மனைவியும் பிடித்து மாலையில் போர்த்துவார்கள்.

"சார், வீட்டம்மாவுக்கு என்னைக்காவது இப்படித் தலை தேய்ச்சு விட்டிருக்கீங்களா?" என்று தையற்காரர் கடையிலிருந்தே கேட்பார்.

"கேளுங்கண்ணே, நல்லாச் சத்தமாக் கேளுங்க" என்பாள் மனைவி, மறுமுனையைப் பிடித்தபடி.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் கடலோர ஊர் ஒன்றில் வேலை. மனைவி பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். கைமாறி வந்த ஒரு சின்னக் காரை ஆறு வருடம் வைத்திருந்தார்கள். அப்போதும் தினம் துடைப்பார். முகம் பார்க்கலாம்போல் இருக்கும். ஒரு மழைநாளில், பின்னால் நின்றுகொண்டு வந்த ஐந்து வயது மகளின் இடது கால், கால்மிதியோடு சேர்ந்து வண்டியின் தரையைப் பிய்த்துக்கொண்டு கீழே போய்விட்டது. ஓடும் வண்டி. குதிகாலில் ஏழு தையல். மேலே பளபளத்த வண்டியின் அடியை உப்புக்காற்று காகிதமாக அரித்து வைத்திருந்தது.

அடுத்த மாதமே கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். கடல் பக்கம் இனி வண்டி போகாது என்றார். மனைவி மறுபேச்சுப் பேசாமல் சாமான்களைக் கட்டினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அதற்கு இருபத்தாறு வருடம் ஆகிறது.

போன வருடம் மகளுக்கு அதே கடலோர ஊரில், துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இருவரும் இரண்டு முறை பார்க்கப் போனார்கள், பஸ்ஸில். மனைவிக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. இரண்டு தடவையும் மடியில் ஒரு பையோடுதான் போய் வந்தாள்.

பிறகு அவள், தான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து ஒரு காலை, "என்னங்க, எங்க ஸ்கூல்ல முன்னாடியே ரிடையரான அறிவியல் டீச்சருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம். வாரா வாரம் புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆளில்லை. வண்டியைத் தந்தா நான் போயிட்டு வருவேன்" என்றாள்.

பெரியாஸ்பத்திரி மேற்கே முப்பத்தாறு கிலோமீட்டர். அவர் யோசிக்கவே இல்லை. புதன்கிழமைகளில் அலுவலக வேனில் போக ஏற்பாடு செய்துகொண்டார். நோயாளி சாய்ந்துவர ஒரு புதுத் தலையணை வாங்கிப் பின்சீட்டில் வைத்தார். ஒரு போர்வையை மூன்றாக மடித்து, ஓரம் உட்பக்கம் வரும்படி அதன் பக்கத்தில் வைத்தார். சிறுநீரக நோயாளி எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த மருத்துவர் ஒருவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தார். மனைவி அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு புதன் மாலையும், "இன்னைக்கு எப்படி இருந்தாங்க? சாப்பிட்டாங்களா?" என்று கேட்பார்.

"கொஞ்சம் தெம்பா இருந்தாங்க." "இன்னைக்குத்தான் ஒரே சோர்வு." பதில் வாரத்துக்கு வாரம் மாறும். நல்ல பதிலாக இருந்தால் அவருக்கும் அன்று நிம்மதியாகத் தூக்கம் வரும்.

வண்டி கழுவிய நிலையில்தான் வரும். "அந்தப் பாதை ஒரே புழுதிங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு வழியில வாட்டர் சர்வீஸ்ல விட்டுட்டேன்" என்றாள். தன் வண்டியில் வேறு கை படுவது அவருக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் நோயாளியோடு அலைகிறவள் தன் சிரமத்தையும் நினைத்தாளே என்று மனம் இளகிப் பேசாமல் இருந்துவிட்டார்.

பதின்மூன்று புதன்கிழமைகள் போயின.

மெழுகு பூசும் ஞாயிறு வந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பானெட்டில் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. வாட்டர் சர்வீஸ்காரனின் துணி செய்த வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, முன்கதவின் அடித்துளையில் குச்சியை விட்டார். வழக்கமாகக் கருப்பாக ஒரு சேறு வரும். அன்று வெள்ளையாக, நொய்போல் மணல் கொட்டியது. இன்னொரு முறை குத்தினார். மணலோடு விரல் நக அளவில் ஒரு சிப்பித் துண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது.

வீடு கட்டுகிற இடத்து மணலாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். சோதிக்காமல் முடிவு சொல்வது அவர் வழக்கமில்லை. துளைகள் வழியாக வீட்டுக் குழாய்த் தண்ணீரை விட்டு, வடிந்ததை ஒரு குப்பியில் பிடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க அதே குழாய்த் தண்ணீரை நேராக இன்னொரு குப்பியில் பிடித்தார். இரண்டிலும் சீட்டு ஒட்டினார்.

திங்கட்கிழமை சோதனைக்கூடத்தில் இரண்டிலும், உப்பு இருந்தால் வெளுத்துக் காட்டும் சில்வர் நைட்ரேட் விட்டார். குழாய்த் தண்ணீர் லேசாக மங்கியது. மற்றது முதல் துளியிலேயே பாலாக வெளுத்துவிட்டது. குப்பியைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்தார். மறுபடியும் பால்.

"அய்யோ, என்ன சார் இது? எந்த ஊர்க் கிணறு? குடிச்சா குடல் வெந்துடும்" என்றாள் பக்கத்து மேசை உதவியாளர்.

"கிணறு இல்லம்மா" என்றார் அவர். "நம்ம வண்டிக் கதவு."

அவள் சிரித்தாள். அவர் வெளியே போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். போர்வையின் மூன்று மடிப்பும் அவர் வைத்தபடியே, ஓரம் உட்பக்கமாக இருந்தது. தலையணையில் ஒரு தலையின் பள்ளம்கூட இல்லை. அவள் ஒழுங்காக மடித்து வைக்கிறாள் என்று இத்தனை நாள் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தார்.

அறிவியல் டீச்சரின் வீட்டுக்குப் போன் செய்தார்.

"யாரு, ஷாம்பு சாரா? என்ன அதிசயம்! இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன். மாடியில துணி காயப்போட்டுட்டு இப்பத்தான் ஓடி வர்றேன்."

"உடம்பு எப்படி இருக்கு டீச்சர்?"

"எனக்கென்ன சார், குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். அவளைத்தான் ரிடையர் ஆனதிலிருந்து ஆளையே காணோம். ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

அன்று மாலை மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"டீச்சருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க. கால் வீக்கம் வத்தியிருக்கு."

"வத்தியிருக்கும். மாடிப்படி ஏறி இறங்கினா வத்தாம என்ன செய்யும்? காலையில போன்ல பேசினேன்."

கத்தி நின்றது. அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பாப்பா வீட்டுக்குப் போனேன்" என்றாள். அவர்களுக்கு முப்பத்தொரு வயது மகள் இன்னும் பாப்பாதான்.

"பாப்பாவைப் பார்க்கப் போறேன்னா நான் வேண்டாம்னா சொல்வேன்?"

"வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. பஸ்ல போன்னு சொல்வீங்க. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே போன்னு சொல்வீங்க."

அது உண்மைதான் என்பதால் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அதுக்காக ஒரு நல்ல மனுஷிக்கு ரெண்டு கிட்னியையும் கெடுக்கணுமா? ஒண்ணு போதாதா?"

அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மேற்கே முப்பத்தாறு, கிழக்கே முப்பத்தெட்டு. மீட்டர்ல எனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடிச்சிருக்கே."

"நீங்கதான் ஞாயித்துக்கிழமை ஆனா மீட்டர் பார்ப்பீங்களே." குரல் உள்ளே போயிருந்தது. பிறகு, "இன்னொண்ணும் இருக்கு. அதையும் இன்னைக்கே சொல்லிடறேன்" என்று கைப்பையைத் துழாவி ஒரு சாவியை வெளியே எடுத்தாள். சாவியோடு சேர்ந்து ஒரு தாளும் மேசைமேல் விழுந்தது. அவர் எழுதி வாங்கி வந்த சாப்பாட்டுத் தாள். பிரிக்கப்படாமல், கொடுத்தபடியே இருந்தது.

"வீடு பிடிச்சிருக்கோம். நீங்க ரிடையர் ஆனதும் போயிடலாம்னு."

"பிடிச்சிருக்கோம்னா? யார் யாரு?"

"நானும் பாப்பாவும்."

என்னை ஏன் கேட்கவில்லை என்று கேட்கத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு. "வண்டி நிறுத்த இடம்?"

"இல்லைங்க. மூணு வீடு பார்த்தோம். இடம் இருக்கிற வீட்டுல ஜன்னல்ல கடல் தெரியலை."

"எனக்கும் சேர்த்துத்தானே வீடு பார்த்தீங்க?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான். வண்டிக்கும் சேர்த்துப் பார்க்கலை." அவள் சாவியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இருபத்தாறு வருஷம் வண்டிக்கு ஆகாதுன்னு இங்கே இருந்தேன். மிச்ச நாளை எனக்கு ஆகிற இடத்துல இருந்துக்கிறேனே."

அவர் சாவியைத் தொடவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, திட்டாதீங்கப்பா. நேரம் பார்த்துச் சொல்லலாம்னு அம்மாதான்..."

"அம்மாவை விடு. போன மாசம் நீ கேட்டியே, 'டீச்சர் ஆன்ட்டி எப்படிப்பா இருக்காங்க, பாவம்'னு. அதை யாரு சொல்லச் சொன்னா?"

"நீங்க அவ்வளவு கவலையா அவங்களைப் பத்திப் பேசினீங்க. நான் ஒண்ணும் கேட்காம எப்படிப்பா இருக்கறது?"

"உன் காலுக்காகத்தான் அந்த ஊரையே விட்டு வந்தேன்."

"என் கால் எப்பவோ ஆறிடுச்சுப்பா."

அவர் போனை வைத்துவிட்டார். வீடுகூட இருக்கட்டும். கடல் இருக்கட்டும். இல்லாத ஒரு நோயாளிக்காகத் தன்னைப் பதின்மூன்று வாரம் கவலைப்பட வைத்து, அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. 'இன்னைக்குத் தெம்பா இருந்தாங்க' என்று அவள் சொன்ன ஒரு மாலையில், அவர் கடவுளுக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தார்.

புதன் காலை அவர் தலையணையையும் போர்வையையும் எடுத்துப் பரணில் போட்டார். கார் சாவியை மேசையில் வைத்தார்.

"நீங்களும் ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்களேன். வீட்டைப் பார்த்துட்டாவது கோபப்படுங்க" என்றாள்.

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தார்.

மாலை ஆறு பத்துக்கு வண்டி வந்து நின்றது. கழுவாமல் வந்திருந்தது. கண்ணாடியெல்லாம் உப்புப் படலம், சக்கர மறைவில் ஈர மணல், கதவோரங்களில் வெள்ளைக் கோடுகள். அவள் இறங்கிச் சாவியை நீட்டினாள்.

"இனிமே கழுவிக்கிட்டு வரமாட்டேங்க. வண்டி எங்கே போச்சோ அப்படியே வரும்."

எதிர்க்கடையிலிருந்து தையற்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வண்டி கடல்ல முங்கிக் குளிச்சுட்டு வந்திருக்கு? ஷாம்பை எடுங்க, ஷாம்பை எடுங்க!"

குழாயடியில் இரண்டு வாளியும் கவிழ்ந்திருந்தன. உப்பை ஓர் இரவுகூடத் தங்கவிடக் கூடாது. அது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கை வாளியைத் தேடிப் போகத்தான் செய்தது. அதைத் திருப்பி, படிக்கட்டின் கீழிருந்த உறையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அழுக்கு வண்டிமேலயா போர்த்தறீங்க?"

"ஆமா."

"மணல் இருக்குங்க. கீறல் விழும்."

"உள்ளே எப்படி இருந்தா என்ன? வெளியே பார்க்கிறவங்களுக்கு ஒழுங்காத் தெரிஞ்சா போதும். நீங்க ரெண்டு பேரும் அதைத்தானே செஞ்சீங்க?"

பானெட்டில் தொடங்கி ஒற்றை ஆளாக இழுத்தார். கூரைமேல் உறை நறநறவென்று ஊர்ந்தது. அந்தச் சத்தம் அவர் பல்லில் கூசியது, நிறுத்தவில்லை. உறை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, டிக்கியின் மூலை வெளியே தெரிந்தது. மனைவி பழக்க தோஷத்தில் மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தாள்.

"நீ விடு" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் சுற்றிவந்து, அந்த முனையையும் தானே பிடித்து இழுத்து, கயிற்றை அடியில் முடிந்தார்.