மலை ஏறியபோது இறங்கிய விலை

என் கணவருக்குப் பேரம் பேச வராது. தக்காளி கிலோ நாற்பது என்றால் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதிப் பத்தைக் கேட்டு வாங்கவும் கூச்சப்படுகிறவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். பதினோராயிரம் வோல்ட் கம்பிக்குக் கீழே நின்று சாவகாசமாக வெற்றிலை போடுவார். கடையில் நின்று ‘கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க’ என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. ஆகவே கார் வாங்குவது என்று முடிவானபோது, அந்த வேலையை இவரிடம் விட்டால் காரையும் கொடுத்து எங்கள் வீட்டுப் பத்திரத்தையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்று நான் பயந்தேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். இண்டூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு பதினாறு வருடமாகச் சுற்றுகிறேன். குழந்தைக்கு ஊசியே வேண்டாம் என்று கதவைச் சாத்திய மாமியார்களை வெளியே நின்று பேசிப் பேசியே கதவைத் திறக்க வைத்தவள். அதனால் பேரம் எனக்குப் புதிதல்ல. கார்தான் புதிது. எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் அதுவரை ஒருவரும் புதுக் கார் வாங்கியதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பொம்மிடியில் புளி வியாபாரம் செய்யும் என் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

அண்ணன் சாதாரண ஆள் இல்லை. புளி மூட்டைக்குள் கையை விட்டால் எடை கூட்டுவதற்கு எவ்வளவு தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அவரிடம் விலை பேசிவிட்டுப் போகிறவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தாங்கள் ஏமாந்ததைக் கண்டுபிடிப்பார்கள். கார் என்றதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, அது எத்தனை கிலோ இருக்கும் என்பதுதான்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பெரிய ரோட்டின் ஓரத்தில் இருந்தது அந்த ஷோரூம். பஸ்ஸில் போய் இறங்கினோம். கண்ணாடிக் கதவுக்குள் தரை பளபளவென்று மின்னியதைப் பார்த்த என் கணவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். அவர் கழற்றியதைப் பார்த்து அண்ணனும் கழற்றினார். நான் கழற்றவில்லை. வாசலிலேயே பக்தர்களாகிவிட்டால் உள்ளே போய் என்ன பேரம் பேசுவது?

டை கட்டிய ஒல்லியான விற்பனைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். என்னை மேடம் என்றார், கணவரை சார் என்றார், அண்ணனை ஐயா என்றார். ஐயா என்றதில் அண்ணனுக்கு முதல் கோபம். அவருக்கு என் கணவரைவிட இரண்டு வயதுதான் அதிகம். அதற்குள் காபி வந்தது, பிஸ்கட் வந்தது. சாப்பிடாதீங்க என்று இருவருக்கும் கண்ணைக் காட்டினேன். இருவரும் சாப்பிட்டார்கள்.

நாங்கள் மனதில் வைத்திருந்த சின்னக் கார் சிவப்பு நிறத்தில் நடுவில் நின்றது. என் கணவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தார். முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வரும்போது பஸ்ஸில் அவருக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தேன்: எதையும் பிடித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், வேறு வண்டியும் பார்த்திருப்பதாகச் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியை இறக்கி, விற்பனைக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

“இதே கலர்தாங்க. வேற எதுவும் பாக்கறதா இல்லீங்க.”

விற்பனைக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பாதி பேரம் அங்கேயே செத்துப்போனது.

மீதிப் பாதியை அண்ணன் கையில் எடுத்தார். காரைச் சுற்றி வந்து கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, தகரம் மெலிசு என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். புளி மண்டியில் பெரிய விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு பேரும் கையைச் சேர்த்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. அண்ணன் கையை நீட்டியதும் அந்த மனிதர் கைகுலுக்குகிறார் என்று நினைத்துக் கொடுத்தார். துண்டு விழுந்தது. அடியில் அண்ணன் அவருடைய மூன்று விரலைப் பிடித்து அமுக்கி, கண்ணைச் சிமிட்டினார். விற்பனைக்காரர் வெந்நீர் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டு என் பக்கமாக நகர்ந்து நின்றார். அதற்குப் பிறகு அண்ணனோடு அவர் ஒரு மேசை தூரத்தில்தான் பேசினார்.

விலை எழுதிய தாள் வந்தது. வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்து எழுபத்து நாலாயிரம். நடுவில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒன்பதாயிரம் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். வண்டியைக் கையாளுவதற்கு என்றார். யார் கையாண்டார்கள் என்று கேட்டேன். கம்பெனியிலிருந்து லாரியில் வந்த வண்டியை இறக்கி, கழுவித் துடைத்து நிறுத்துவதற்கு என்றார்.

“அப்ப துடைக்காம குடுங்க. நாங்க வூட்டுல போய் துடைச்சுக்கறோம்.”

மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த முகம் எனக்குப் பழக்கம். எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று சொல்ல வருகிற டாக்டரின் முகம். மேனேஜரோடு சண்டையே போட்டதாகவும், ஐயாயிரமும் கால்மிதி மேட்டும்தான் தர முடியும் என்றும் சொன்னார். நான் அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் என் காதருகே வந்து எழுந்து போகலாம் என்றார். மண்டியில் பத்து அடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடாத வியாபாரி பிறக்கவே இல்லை என்பது அவர் சித்தாந்தம். எழுந்தோம். என் கணவரைக் காரிலிருந்து இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவைத் தாண்டினோம், செருப்பைப் போட்டோம், வாசலைக் கடந்தோம். யாரும் கூப்பிடவில்லை. பத்து அடி நூறு அடியானது.

“திரும்பிப் பாக்காதீங்க மாப்ள. கூப்புடுவான்,” என்றார் அண்ணன்.

பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் மட்டும் செருப்பின் வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்து திரும்பிப் பார்த்தேன். விற்பனைக்காரர் வேறொரு குடும்பத்துக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். டவுன் பஸ் வந்தது. ஏறினோம்.

அடுத்த வாரம் அண்ணனுக்குச் சொல்லாமல் நான் மட்டும் சேலத்துக்குப் போனேன். அங்கே வேறொரு டீலர். காபி குடிக்காமல், காரைத் தொடாமல், விலையை மட்டும் தாளில் எழுதி வாங்கினேன். அதே வண்டி எட்டு ஐம்பத்தாறு. ஹேண்ட்லிங் என்ற வார்த்தையே அதில் இல்லை. அந்தத் தாளைப் போட்டோ எடுத்துத் தருமபுரி விற்பனைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

ஒன்பது நாள் போனது. எனக்கு எரிச்சலைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. வண்டியை விற்க வந்தவர், பதினெட்டாயிரம் குறைவாக இன்னொருவர் கொடுக்கிறார் என்று தெரிந்தும் எப்படி இவ்வளவு தெம்பாக இருக்கிறார்? என் கணவரோ வீட்டில் இழவு விழுந்ததுபோல நடமாடிக்கொண்டிருந்தார். சேலத்திலேயே எடுத்துவிடலாம் என்றால், அங்கே அந்தச் சிவப்பு இல்லையே என்றார்.

அந்த மாதத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலைக்குப் போனோம். அந்த வருடப் புளி மழையில் நனையாமல் விற்றால் மலையேறி வருவதாக அண்ணன் வேண்டிக்கொண்டிருந்தார். சாமி தன் பங்கைச் செய்துவிட்டதால் இவர் தன் பங்கைச் செய்ய வேண்டியதாயிற்று. வேண்டுதல் அவருடையது, ஏறுவதென்னவோ குடும்பத்தோடு. எனக்கோ சர்க்கரையும் எழுபத்தெட்டு கிலோவும். ஊருக்கெல்லாம் தினமும் நடங்கள் என்று சொல்கிற நான், ஸ்கூட்டியை விட்டு இறங்குவது ஊசி போடுவதற்கு மட்டும்தான்.

பாதி மலையில் போன் அடித்தது. தருமபுரி விற்பனைக்காரர். எடுத்தேன், பேச மூச்சு இல்லை. அவராகவே ஆரம்பித்தார். மேனேஜரிடம் பேசிவிட்டாராம், சேலத்து விலைக்கே தருகிறாராம், எட்டு ஐம்பத்தாறு. நான் ‘சரி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புஸ் என்று காற்றுதான் வந்தது. ஒரு படியில் உட்கார்ந்தேன்.

எதிர்முனையில் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க மேடம், பெருமூச்சு விடாதீங்க. எட்டு அம்பது பண்ணிக்கலாம்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பதினாறு வருடம் வாயால் பேசியே பிழைத்தவளுக்கு, வாயை மூடினால் ஆறாயிரம் கிடைக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினேன். இந்த முறை பாதி நிஜம், பாதி நடிப்பு.

அவர் வேறு வழியில் வந்தார். சார் நேற்றுகூட வந்து வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாரே, அவருக்கு இவ்வளவு ஆசையாக இருக்கிறதே என்றார். இரண்டு படி மேலே நின்றிருந்த என் கணவரைப் பார்த்தேன். என் பார்வையிலேயே விஷயத்தைத் தெரிந்துகொண்டு அவர் மலையின் இயற்கை அழகை ரசிக்க ஆரம்பித்தார். அந்த வாரத்தில் மூன்று முறை போயிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஒன்பது நாள் அந்த ஆள் தெம்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான். என் எதிரி ஷோரூமில் இல்லை, என் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு குரங்கு வந்து என் மடியிலிருந்த தேங்காய்ப் பையைப் பிடித்தது. நான் பையை இழுத்துக்கொண்டு, எங்கிருந்தோ வந்த மூச்சில் சொன்னேன்: “இந்த வேலையெல்லாம் எங்கிட்ட வெச்சுக்காத. போ, போயிடு.”

“மேடம், மேடம், கோவப்படாதீங்க,” என்றார் போனில். “சார பத்திச் சொன்னது தப்புதாங்க. எட்டு நாப்பத்திரண்டு. இன்னிக்கு மாசக் கடைசிங்க மேடம். எனக்கு ஒரு வண்டி கொறையுது.”

தேங்காயைக் குரங்கிடம் விட்டுவிட்டேன். தேங்காய் என்ன தேங்காய். அண்ணன் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன விலை என்று விரலால் கேட்டார். நானும் விரலால் காட்டினேன். இன்சூரன்ஸை வெளியில் போட்டுக்கொள்கிறோம் என்று கேள் என்று காதில் சொன்னார். மண்டியில் அவர் பக்கத்துக் கடை இன்சூரன்ஸ் ஏஜென்டுடையது என்பதால் இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார் விற்பனைக்காரர். கேளுங்க, நான் லைன்லயே இருக்கறேன் என்றேன். இந்த முறை சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. இன்சூரன்ஸை வெளியில் போட்டதோடு சேர்த்து எட்டு முப்பதில் முடிந்தது. மேட்டும் உண்டு.

உச்சிக்குப் போய் ராமர் தீர்த்தத்தின் அடியில் நின்றோம். பாறையிலிருந்து விழும் தண்ணீர் நடு மண்டையில் கொட்டியபோது, சாமிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்தேன். இன்னும் நாலு படி உயரமாக மலையைப் படைத்திருந்தால் எட்டு இருபத்தைந்துக்கு முடிந்திருக்கும் என்றுதான் தோன்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வண்டி எடுத்த நாளில் அதன்மேல் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். கேக் வெட்டச் சொன்னார்கள். ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். விற்பனைக்காரர் அண்ணனிடமிருந்து நல்ல தூரத்திலேயே நின்றார். கையெழுத்துகள் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, தான் இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்றும், மாத இலக்கு எட்டாவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். ஒன்பது நாள் அவரும் தூங்கவில்லையாம். நான் போன் செய்வேன் என்று காத்திருந்தாராம்.

“உங்கள மாதிரி பேசாமயே அடிக்கிற ஆள நான் பாத்ததில்லீங்க மேடம்.”

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மலையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொன்னால் அவர் மனது இன்னும் ஒடிந்துபோகும் என்று விட்டுவிட்டேன். உங்கள் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தூக்கம் கெடக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

வண்டி வந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. தெருவில் எல்லோருக்கும் என்ன விலை என்று தெரிய வேண்டும். எட்டு முப்பது என்றால் எதிர்வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கி, அவர் சகலை கிருஷ்ணகிரியில் இதே வண்டியை எட்டுக்கு முடித்ததாகச் சொன்னார். ஊசி போடப் போன இடத்தில் ஒரு அம்மா, அவர் மருமகன் ஓசூரில் ஏழு தொண்ணூறுக்கு எடுத்ததாகச் சொன்னார். இப்படியே போனால் மாவட்டத்தில் பணம் கொடுத்து வாங்கியது நான் ஒருத்திதான் என்றாகிவிடும். அதனால் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் ஏழு எண்பது என்று கூசாமல் சொல்கிறேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பக்கத்தில் என் கணவர் இருந்தால் நிலைக்காது. அவர் உடனே குறுக்கே வந்து, “இல்லீங்க, எட்டு முப்பதுங்க. அவளுக்கு மறந்துபோச்சு,” என்பார். அதோடு விடுவாரா? ரசீதை எடுத்துவர வீட்டுக்குள் போவார்.